எல்லாரும் கறுப்புக் கோட்டு போடும் ஊரில் நமக்கென்று ஒரு பாணி

கேள்வி சுருக்கமாக இது: "சென்னையிலிருந்து டொரொண்டோவுக்குப் படிக்க வந்திருக்கிறேன். இதுதான் முதல் குளிர்காலம். வந்த வாரமே பயந்துபோய், இறகு அடைத்து உப்பியிருக்கும் கறுப்பு பஃபர் ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸில் நிற்கும் எல்லாரையும் போலவே இருக்கிறேன். ஆனால் அதே குளிரில் சிலர் அவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு தெருவில் போகிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கென்று ஒரு பாணியை எப்படி உண்டாக்கிக்கொள்வது? பொங்கலுக்குப் புடவை கட்டவும் ஆசை."

முதலில், அந்தக் கறுப்பு பஃபரை நினைத்து வருத்தப்படாதீர்கள். இந்த ஊரில் கறுப்பு பெருகியிருப்பதற்கு ரசனைக் குறைவு காரணம் இல்லை. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய பெரும்பாலானவர்கள் ஒரே கோட்டைத்தான் தினமும் போடுகிறார்கள். அது எல்லா உடைக்கும் ஒத்துப்போக வேண்டும், நாலரை மாதம் போட்டாலும் அலுக்கக் கூடாது, கைபட்ட அழுக்கு தெரியக் கூடாது. இப்படி யோசித்துக்கொண்டே போனால் கறுப்பில்தான் போய் நிற்கும். உங்கள் பஃபருக்கும் வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் உடை நாளுக்கு நாள் முழுதாக மாறும். இங்கே வெளியில் உங்களைப் பார்ப்பவர் காண்பது ஐந்தே ஐந்து: கோட்டு, பிறகு தலை, கழுத்து, கை, கால். உள்ளே எவ்வளவு நல்ல சட்டை போட்டிருந்தாலும் தெருவுக்கு அது இல்லாதது மாதிரிதான். ஆகவே நன்றாக உடுத்தியிருக்கும் ஒருவரைப் பார்க்கும்போது "இவர் என்ன பிராண்டு போட்டிருக்கிறார்" என்று பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பார்க்க வேண்டியது அளவு: கோட்டு எதுவரை வருகிறது, தோள் எங்கே முடிகிறது, எத்தனை நிறம், அதில் எது எங்கே இருக்கிறது.

இதைச் சொல்லும்போது பில் கன்னிங்ஹாம் நினைவுக்கு வருவார். நியூயார்க் டைம்ஸுக்காகப் பல்லாண்டுகள் தெருவில் நின்று உடைகளைப் படம் எடுத்தவர், 2016-இல் மறைந்தார். ஐந்தாம் அவென்யூவும் 57-ஆம் தெருவும் சந்திக்கும் முனைதான் அவருக்குப் பிடித்த இடம். 1978-இல் ஒரு பெண் அணிந்திருந்த ஃபர் கோட்டின் தோள் வெட்டு அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தார். அந்தப் பெண் நடிகை கிரேட்டா கார்போ என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணில் பட்டது தோள் மட்டும். அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அந்தப் படமும் மற்ற தெருப் படங்களும் சேர்ந்து அச்சில் வந்ததிலிருந்துதான் அவருடைய தெருப் பக்கம் தொடங்கியது. ஆளை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கும் அந்தக் கண்தான் உங்களுக்கும் வேண்டும்.

அதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புடவை கட்டிப் பழகியவர்களுக்கு நிற அளவு சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காஞ்சிபுரம் கோர்வைப் புடவையை விரித்துப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை), இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓட்டி நெய்வதால்தான் உடலும் கரையும் ஒன்றுக்குள் ஒன்று கலங்காமல் தனித்தனி நிறமாக நிற்கின்றன. முந்தியும் வேறு நிறம். உடல் நிறைய, கரை குறைவாக, முந்தி ஓரிடத்தில். அரக்கு உடலுக்கு மயில்கழுத்துக் கரை பிடிக்கிறது என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, பார்த்தவுடன் தெரிகிறது. குளிர்கால உடையை அதே கண்ணோடு பாருங்கள். கோட்டுதான் உடல். பூட்ஸ், கையுறை, பை மூன்றும் கரை. ஸ்கார்ஃபோ குல்லாயோ முந்தி. பத்தில் ஏழு பங்கு, இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தெருவில் ஒருவர் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தால், இவருடைய உடல் எது, கரை எது, முந்தி எங்கே என்று மனதுக்குள் கேளுங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கண்ணை உறுத்துகிற உடையில் இரண்டு மூன்று முந்தி இருக்கும்.

எங்கே பார்ப்பது? குயின் தெரு மேற்கில் ஸ்பாடைனாவிலிருந்து ஆஸிங்டன் வரையிலான நீளம், பழைய துணிக் கடைகள் இருக்கும் கென்சிங்டன் மார்க்கெட், சனிக்கிழமை காலை செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட். அலுவலக உடை பார்க்க வேண்டுமென்றால் கிங், பே தெருக்கள் சந்திக்கும் இடம். அங்கே ஒரு எச்சரிக்கை: சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள பாத் என்னும் நிலத்தடி நடைபாதை அந்தக் கட்டடங்களை எல்லாம் இணைக்கிறது. ஆகவே மெல்லிய கோட்டும் ஊசிக்குதி செருப்புமாகப் போகிறவர் தெருவில் இரண்டு நிமிடம்கூட நடக்காதவராக இருக்கலாம்.

இதைவிட முக்கியம், யாரைப் பார்ப்பது என்பது. காரிலிருந்து இறங்கிக் கடைக்குள் நுழைகிறவரைப் பார்க்காதீர்கள். டிராம் நிறுத்தத்தில் பத்து நிமிடமாக நின்றுகொண்டிருப்பவரைப் பாருங்கள். தோளைக் குறுக்கிக்கொண்டு, கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைக்கிறாரா? எவ்வளவு அழகான கோட்டாக இருந்தாலும் அந்த உடை அந்தக் குளிரில் தோற்றுவிட்டது. நிமிர்ந்து நின்று ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அவரிடம் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. குளிரில் அழகு என்பதில் பாதி, உடம்பு குறுகாமல் நிற்பதுதான்.

இணையத்தில் பார்க்கும் தெருப் படங்களையும் இதே மாதிரி சலித்துத்தான் எடுக்க வேண்டும். ஃபேஷன் வார நாட்களில் அரங்க வாசலில் எடுக்கும் படங்களில் பலர் படத்துக்காகவே கோட்டைத் திறந்துவிட்டிருப்பார்கள். அடுத்தது தட்பவெப்பம். டோக்கியோவில் ஜனவரிப் பகல் சுமார் 10 டிகிரி. ஆண்கள் உடைக்குப் பேர்போன பிட்டி ஊமோ கண்காட்சி ஜனவரியில் நடக்கும் ஃபிளாரன்ஸிலும் பகலில் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே "குளிர்காலப் பாணி" என்று காட்டுவது டொரொண்டோவின் நவம்பர் தொடக்கத்துக்குப் பொருந்தும். ஜனவரியில் அப்படிப் போனால் கணுக்கால் விறைத்துவிடும். ஜனவரிக்கு மொன்றியல், சிகாகோ, ஹெல்சின்கி படங்களைப் பாருங்கள். ஹெல்சின்கி தெருக்களை 2005 முதல் படம்பிடித்துவரும் ஹெல் லுக்ஸ் தளம் மிக நல்ல பள்ளிக்கூடம். படத்தில் இருப்பவரே தன் உடையைப் பற்றி நாலு வரி சொல்லியிருப்பார். விலையுயர்ந்ததும் பழையதும் கலந்து சாதாரண மனிதர்கள் உடுத்துவது அதில் தெரியும்.

தெருவில் பார்ப்பவர்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்க வேண்டாம். மொன்றியலில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணின் படத்தை அனுமதி இல்லாமல் ஒரு பத்திரிகை போட்டது. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-இல் 2,000 டாலர் இழப்பீடு உறுதியானது. அது கியூபெக் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. சட்டம் இருக்கட்டும், மரியாதை என்று ஒன்று உண்டு. நேராகப் போய், "உங்கள் கோட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஊரில் பெரும்பாலும் மகிழ்ந்துபோய்ச் சொல்வார்கள். பாட்டியின் கோட்டு, இன்ன தையல்காரர் கையைக் குறைத்துக் கொடுத்தார் என்பது போன்ற செய்தி எந்தப் படத்திலும் கிடைக்காது.

படத்துக்குப் பதில் குறிப்பு எழுதுங்கள். ஃபோனிலேயே எழுதலாம், நடந்துபோகும்போது ஒரு நிமிட வேலை. வெப்பநிலை, கோட்டின் நீளம், தோள், எத்தனை நிறம், முந்தி எங்கே, கால், கடைசியில் "எடுத்துக்கொள்ள" என்று ஒரு வரி. ஒரு குறிப்பு இந்த மாதிரி இருந்தால் போதும்:

"மைனஸ் 6, காற்று, மாலை 5. டிராம் நிறுத்தம். 60 வயது மதிக்கலாம், ஐந்தடிக்குச் சற்று மேல் உயரம். ஒட்டக நிறக் கம்பளிக் கோட்டு, முட்டிக்குக் கீழே நான்கு விரல், இடுப்பில் கட்டு இல்லை. காலர் தூக்கிவிட்டிருக்கிறது. ஸ்கார்ஃப் காலருக்கு உள்ளே. வெளியே தெரிவது ஒரு சாண் துருநிறம். குல்லாய், கையுறை இரண்டும் ஒரே அடர்பழுப்பு. கறுப்பு பூட்ஸ், தடித்த அடி, கோட்டு முடியும் இடம் வரை ஏறுகிறது. எடுத்துக்கொள்ள: ஸ்கார்ஃப் உள்ளே போனதால் கழுத்து நீண்டு தெரிகிறது."

இதில் ஒட்டகநிறக் கோட்டை வாங்கு என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். குட்டையானவர் அணிந்தும் கோட்டு அவரை விழுங்காததற்கு இரண்டு காரணம்: கோட்டுக்கும் பூட்ஸுக்கும் நடுவே இடைவெளி விழவில்லை, முந்தி ஒரே இடத்தில், ஒரு சாண் அளவில் நிற்கிறது. இந்த இரண்டையும் உங்கள் கறுப்பு பஃபரோடும் செய்யலாம்.

நான்கு வாரத்தில் 40 குறிப்பு சேர்த்துவிடுங்கள். பிறகு "எடுத்துக்கொள்ள" வரிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எண்ணுங்கள். ஒருமுறை மட்டும் வந்ததை விட்டுவிடலாம். அன்றைய மயக்கமாக இருக்கும். ஐந்தாறு முறை வந்தது எதுவோ அது தெருவின் விஷயம் அல்ல, உங்கள் விஷயம். ஆயிரம் பேர் போன தெருவில் உங்கள் கண் அதையே தேடிப் போய் நின்றிருக்கிறது. கன்னிங்ஹாமும் ஒரு படத்தை வைத்துப் பக்கம் போடவில்லை. ஒரே விஷயம் தெருவில் திரும்பத் திரும்பத் தென்படும்வரை படம் சேர்ப்பார்.

கணக்கில் மூன்று விஷயம் மேலே வந்திருக்கும், உதாரணமாக: நீளக் கோட்டு, காலருக்குள் ஸ்கார்ஃப், கோட்டும் பேன்ட்டும் ஒரே நிறம். உடனே கடைக்குப் போக வேண்டாம். இருப்பதை வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள். உங்கள் பஃபர் இடுப்போடு முடிகிறது என்றால் கறுப்பு பேன்ட், கறுப்பு பூட்ஸ் போடுங்கள்; தோளிலிருந்து தரைவரை ஒரே கோடாக ஓடும், உயரம் கூடித் தெரியும். அதன்மேல் ஒரே ஒரு முந்தி. ஃபோனை இடுப்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து முழு உருவமாகப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் உடம்பு எத்தனை துண்டாக வெட்டுப்படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். இரண்டு துண்டு நல்லது. நான்கு துண்டு என்றால் எதையோ மாற்ற வேண்டும். ஃபோனைத் தலைக்கு மேலே பிடித்து எடுத்தால் கால் குறுகிவிடும். அந்தப் படத்தை நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். "நம்ம நிறத்துக்கு அடர்த்தியான கலர் எடுக்காது" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிடுகிறார்கள். அது தவறு. டொரொண்டோவின் டிசம்பரில் சூரியன் மாலை நாலே முக்கால் வாக்கிலேயே மறைந்துவிடும். பகலிலும் பாதி நாள் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பழுப்புத் தோலுக்குப் பக்கத்தில் வெளிறிய பழுப்பும் சாம்பலும் வந்தால்தான் முகம் களையிழக்கிறது. அரக்கு, மயில்கழுத்து, கடுகு மஞ்சள், துருநிறம், கத்தரிப்பூ இவையெல்லாம் முகத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஒரு தனி மனிதரின் உடை ரசனை ஒரு நிறத்துக்கே பெயராகிவிடும் என்பதற்கு நம்மிடம் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூ இருக்கிறது. சோதிக்கும் முறை எளிது. மதிய வேளையில் ஜன்னலோரம் நின்று துணியைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். துணியைப் பார்க்காமல் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலைப் பாருங்கள். நிழல் குறைந்து தெரிந்தால் அது உங்கள் நிறம். கடை விளக்கில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டு துப்பட்டா இருந்தால் அதையே மெல்லிய கம்பளி ஸ்கார்ஃபின்மேல் சேர்த்துச் சுற்றுங்கள். குளிரைக் கம்பளி தாங்கும், நிறத்தைப் பட்டு கொடுக்கும். ஸ்கார்ஃப் 180 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் இருந்தால் போதும். போர்வை மாதிரி அகலமானது படத்தில் அழகு. குட்டைக் கழுத்துக்குத் தாடைவரை ஏறிவிடும்.

பணம் செலவழிக்கத் தொடங்கினால் முதல் பணம் பூட்ஸுக்குப் போக வேண்டும். ஏனென்றால் இங்கே தெருவின் ஆபத்து குளிரைவிட வழுக்கல்தான். டொரொண்டோவின் மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் உண்மையான பனிக்கட்டித் தளத்தைச் சாய்த்து, அதன்மேல் ஆட்களை நடக்கவிட்டு பூட்ஸ்களைச் சோதிக்கிறது. 7 டிகிரி சாய்வில் வழுக்காமல் நின்றால்தான் ஒரு பனிச்செதில் குறி, அதிகபட்சம் மூன்று. 2016-இல் முதலில் சோதித்த 98 வகையில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் பூட்ஸ் வழுக்காது என்பது கண்மயக்கம். கெட்டிப் பிளாஸ்டிக் அடி குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். மென்மையான ரப்பர்தான் பிடிக்கும். ரேட் மை டிரெட்ஸ் என்று தேடினால் அவர்களின் பட்டியல் கிடைக்கும். அதில் தேறியவற்றில் உங்களுக்குப் பிடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

மாலையில் போய், நீங்கள் போடப்போகும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இரண்டு காலுறை திணித்து இறுக்கினால் கால் இன்னும் சில்லிடும். ரத்த ஓட்டமும் குறையும், வெப்பம் காக்கும் காற்றும் நசுங்கிப்போகும். தோல் பூட்ஸில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடு போடும். அன்று மாலையே ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

அடுத்தது உள்ளே போடுவது. வெளிக்கோட்டு அழகாக விழ வேண்டுமென்றால் உள்ளே பருமன் குறைய வேண்டும். இழையின் தடிமன் 18 மைக்ரான் அளவுள்ள மெரினோ கம்பளியில், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையில் ஒரு முழுக்கை உள்ளாடை வாங்குங்கள். அரிக்காது, பருத்தி சட்டையைவிட நல்ல சூடு தரும். பருத்தியை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள், வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். சுரங்க ரயிலைப் பிடிக்க ஓடி வியர்த்துவிட்டுத் தெருவில் ஏறும்போது நடுங்குவது அதனால்தான். வகுப்பறையும் நூலகமும் 21, 22 டிகிரியில் இருக்கும். ஆகவே தலைவழியாகக் கழற்றும் தடித்த ஸ்வெட்டரைவிட, முன்னால் திறக்கும் கார்டிகன் உதவும். இன்னொன்று, கோட்டைக் கழற்றியதும் தெரிவதற்கும் வெளியே போட்டிருந்த முந்திக்கும் உறவு இருக்கட்டும். கடுகு மஞ்சள் ஸ்கார்ஃப் உள்ளேயும் தோளில் கிடக்கும்போது அதுதான் உங்கள் அடையாளமாக மனதில் பதியும்.

இப்போது கோட்டு. உங்கள் குறிப்புகளில் கம்பளிக் கோட்டு நிறைய வந்திருந்தால் ஒன்று வாங்கலாம், ஆனால் பஃபரை விட்டுவிடாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு மைனஸ் 18 மாதிரி இருக்கும். நெருக்கமில்லாத கம்பளி நெசவுக்குள் அந்தக் காற்று புகுந்துவிடும். பூஜ்யத்திலிருந்து மைனஸ் 8 வரை கம்பளி, அதற்குக் கீழே பஃபர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பஃபரை எந்தக் காரணத்துக்காகவும் பெல்ட் போட்டு இறுக்காதீர்கள். இறகு உப்பி நின்றால்தான் சூடு.

கம்பளிக் கோட்டைப் பழைய துணிக் கடையில் வாங்குவதே என் பரிந்துரை. அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பதைவிடத் துணி கனமாக இருக்கும். உள்ளே தைத்திருக்கும் லேபிளில் நூல் வகையும் சதவீதமும் போட்டிருக்கும். பிரெஞ்சில் "லேன்" என்று இருப்பது கம்பளிதான். 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொஞ்சம் நைலான் கலந்தால் உழைக்கும். அக்ரிலிக் அதிகம் என்றால் ஒரு மாதத்தில் உருண்டை உருண்டையாக நூல் திரளும். கோட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அந்துப்பூச்சி அரித்த துளை ஊசிமுனை மாதிரி ஒளிவிடும். காலரின் அடிப்பக்கம், கக்கத்து லைனிங், பாக்கெட் வாய் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு தடித்த ஸ்வெட்டரோடு போட்டுக்கொண்டு உங்களையே கட்டிப்பிடியுங்கள். முதுகு இழுத்தால் சின்னது. கோட்டின் கை உங்கள் கட்டைவிரலின் அடியைத் தொட வேண்டும். கை நீளம், கீழ்விளிம்பு, லைனிங் இவற்றைத் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோள் பொருந்தவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோளைப் பிரித்துத் தைக்கும் கூலியில் இன்னொரு கோட்டு வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்த பிறகே அலமாரிக்குள் விடுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

இந்தக் கடைகளில் பால்வெள்ளைக் கம்பளியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலப் பட்டை போட்ட கோட்டு கண்ணில் படும். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் புகழ்பெற்ற போர்வைப் பட்டை அது. 2025-இல் அந்தக் கம்பெனி தன் கடைகளை எல்லாம் மூடிவிட்டது. கிடைத்தால் நல்ல துணிதான், ஆனால் உடலே முந்தியாக இருக்கும் கோட்டு அது. மற்ற நான்கு இடமும் ஒரே அடர்நிறமாக அடங்கியிருந்தால்தான் தாங்கும். உப்புச்சேறு தெறிக்கும் நாளில் போடவும் முடியாது.

பொதுவாக நடக்கும் பிழை ஒன்று. ஒருவரின் குல்லாய், இன்னொருவரின் ஸ்கார்ஃப், மூன்றாமவரின் பூட்ஸ், எல்லாமே அந்தந்த இடத்தில் அழகாக இருந்தவை. ஒரே உடம்பில் சேர்த்ததும் சண்டை போடும். அந்த மூவரும் தங்கள் உடையில் மற்றதை அடக்கி வைத்துத்தான் அந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இரவல் வாங்குங்கள். ஒரு வாரம் போட்டு, பஸ் ஏறி, பை சுமந்து, மாடியேறிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இனி பொங்கல். ஜனவரி கனடாவில் தமிழ் மரபுத் திங்கள். டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ பக்கம் மாதம் முழுக்க நிகழ்ச்சி இருக்கும், ஆகவே புடவைக்கு வாய்ப்பு நிறைய. உள்பாவாடைக்கு அடியில் மெரினோ அல்லது ஃப்ளீஸ் வைத்த லெக்கிங்ஸ். ரவிக்கைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய, கழுத்து மூடிய மெல்லிய கம்பளி ஸ்வெட்டர். கரையின் நிறத்தில் எடுத்தால் தனியாகத் தைத்த ரவிக்கை போலவே நிற்கும். வறண்ட காற்றில் பட்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உள்பாவாடை கட்டினால் அது குறையும், நைலான் பாவாடை கூடாது. கொசுவம் புடைக்கும் என்பதால் இடுப்பில் கட்டும் கோட்டு ஒத்துவராது. தோளிலிருந்து நேராக இறங்குவதோ கீழே சற்று விரிவதோ வேண்டும். கெண்டைக்கால் வரை வரும் கோட்டாக இருந்தால் கீழே ஒரு சாண் கரை மட்டும் தெரியும். கறுப்புக் கோட்டுக்குக் கீழே சரிகைக் கரை எட்டிப்பார்ப்பதைவிட அழகான குளிர்கால உடை இந்த நகரத்தில் குறைவு என்று அடித்துச் சொல்வேன்.

அந்தக் கரைதான் ஆபத்திலும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் சரிகை கறுக்கும், பட்டில் கறை தங்கும். வீட்டிலிருந்து மண்டப வாசல் வரை புடவையை நான்கு விரல் தூக்கி, உள்பாவாடையோடு சேர்த்து நான்கு இடத்தில் ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் சேறாக இருந்தால் இன்னும் தூக்கலாம். பூட்ஸோடு போய், பையில் கொண்டுபோன செருப்பை உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். முந்தானையை வெளியே தொங்கவிடாமல் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கோட்டுக்குள் விட்டால் அதுவே ஸ்கார்ஃப். உள்ளே போய் கோட்டைக் கழற்றிய பிறகு விரித்துவிட்டுக்கொள்ளலாம்.

கோட்டு வாங்க நல்ல நேரம் பிப்ரவரியும் மார்ச்சும்; கடைகள் வசந்தத் துணிக்கு இடம் ஒழிக்கும் காலம். அதற்குள் உங்கள் 40 குறிப்பும் கையில் இருக்கும், எது வேண்டாம் என்பதும் தெரிந்திருக்கும். ஏப்ரலில் கம்பளிக் கோட்டை பிரஷ் போட்டு, சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, பருத்தி உறையில் தொங்கவிடுங்கள். அழுக்கும் வியர்வையும் இருக்கும் இடத்தைத்தான் அந்துப்பூச்சி தேடி வரும். பஃபரை அமுக்கிக் கட்டி வைக்காமல் தளர்வாக வையுங்கள். அடுத்த ஆண்டு என்ன தேட வேண்டும் என்பதை, நீளம் இவ்வளவு, நிறம் இது, கையுறை கிழிந்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதி, கோட்டின் உள்பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். நவம்பரில் மறுபடி போடும்போது கையில் கிடைக்கும்.